மதுவும் பருவமடைதலும்: ஆய்வுகூட விலங்குகள் கூறும் செய்தி

ஆனையிறவு என்றதும் எமது வாசகர்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று போர்; மற்றையது உப்பு. 2000 ஆம் ஆண்டு ஏப்ரலிலும் 2009 ஆம் ஆண்டு ஜனவரியிலும் கைமாறிய அந்த ஒடுங்கிய நிலத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். வன்னிக் காட்டு யானைகளைக் குடாநாட்டுக்கு நடத்திச் சென்ற கடவை என்பதால் வந்த பெயர் அது என்பதும் பாடசாலைப் பிள்ளைகள் அறிந்ததே. உப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. போரினால் நின்றுபோய்ப் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய அந்த உப்பளத்தின் உப்பு, எமது சமையலறைக்கு வருவதற்கு முன்னர் அதனுடன் அயடின் சேர்க்கப்பட வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம். 1995 ஆம் ஆண்டு முதல் மனித நுகர்வுக்கான உப்புக்கு இது கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றது. அயடின் குறைந்தால் தைரொயிட் சுரப்பி பாதிக்கப்படும், பிள்ளையின் மூளை வளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் குன்றும் என்று மருத்துவர்கள் கூறியதை இச்சமூகம் எவ்வித வாதமுமின்றி ஏற்றுக்கொண்டது. இன்று உப்புப் பைக்கற்றில் அயடின் என்ற சொல்லைத் தேடிப் பார்த்து வாங்கும் தாய்மார் ஆனையிறவிலும் இருக்கின்றனர், அக்கரைப்பற்றிலும் இருக்கின்றனர்.

பிள்ளையின் வளர்ச்சியை ஆளும் சுரப்பிகள் மீது அயடினைப் போலவே நேரடியாகத் தாக்கம் செலுத்தும் வேறொரு பொருளும் எமது பிரதேசங்களில் தாராளமாகக் கிடைக்கின்றது. அதனைப் பற்றி விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூறிவருவது மட்டும் எமது வீடுகளை வந்தடையவில்லை. அப்பொருள் மது. அது குடும்பத்தைக் கெடுக்கும், ஈரலைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும் என்பவை மேடைகள்தோறும் கூறப்படுகின்றன. பருவமடையும் வயதில் உடலுக்குள் செல்லும் மது அப்பருவமடைதலையே தடுமாறச் செய்யக்கூடும் என்பது பெரும்பாலும் கூறப்படுவதில்லை. இதனைக் கண்டறிந்தவர்கள் எலிகளையும் குரங்குகளையும் வைத்து ஆய்வு செய்தவர்களாவர். அவர்கள் எதனைக் கண்டார்கள், எதனைக் காணவில்லை என்பதை எமது வாசகர்களுக்கு எடுத்துக்கூற முனைகின்றோம்.

முதலில் பருவமடைதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பார்ப்போம். பெண்பிள்ளை பூப்பெய்துவது சூலகத்தின் வேலை என்றும் ஆண்பிள்ளையின் குரல் உடைவது விதையின் வேலை என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றது. உண்மையில் ஆணை பிறப்பிக்கப்படும் இடம் மூளையாகும். மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழ் என்ற சிறிய பகுதி உண்டு. அது துளித்துளியாக ஓர் ஓமோனைச் சுரக்கின்றது. அதனைப் பெற்றுக்கொள்ளும் கபச்சுரப்பி, சூலகத்தையும் விதையையும் தூண்டும் வேறு ஓமோன்களை இரத்தத்தில் விடுகின்றது. அதன் பின்னரே ஈஸ்திரோஜனும் டெஸ்டொஸ்டெரோனும் சுரக்கின்றன. மூளையில் சுரக்கும் அந்த முதல் ஓமோனின் அமைப்பு 1971 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதற்காக இலட்சக்கணக்கான விலங்குகளின் மூளைத் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் அரைத்துப் பிரித்தெடுத்த ரொஜர் கியிமனும் அன்ட்ரூ ஷாலியும் 1977 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த ஓமோன் இடைவிடாது ஒழுகுவதில்லை. நாடித்துடிப்பைப் போல விட்டுவிட்டு வருகின்றது. றீசஸ் குரங்குகளை ஆராய்ந்த ஏர்ன்ஸ்ட் நோபில் என்ற அமெரிக்க உடற்றொழிலியல் பேராசிரியர், ஏறத்தாழ மணிக்கு ஒரு தடவை என்ற ஒழுங்கில் அது வந்தால் மாத்திரமே இனப்பெருக்கத் தொகுதி இயங்கும் என்பதை 1970 களின் பிற்பகுதியில் நிறுவினார். இன்னும் பருவமடையாத குரங்குக் குட்டிகளுக்கு அதே ஒழுங்கில் அந்த ஓமோனைச் செலுத்தியபோது அவை மாதவிடாய்ச் சக்கரத்தைத் தொடங்கிவிட்டன. அவற்றின் சூலகம் முன்னரே ஆயத்தமாகத்தான் இருந்தது, மூளையின் சைகை மட்டுமே வரவில்லை என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. மனிதரிலும் அவ்வாறே. குழந்தைப் பருவத்தில் அமைதியாக இருக்கும் இச்சைகை, பருவமடையும் காலம் நெருங்கும்போது முதலில் இரவுத் தூக்கத்தின்போதுதான் தலைகாட்டத் தொடங்குகின்றது. பிள்ளை எதுவும் அறியாமல் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் அதன் வாழ்வின் மிகப் பெரிய மாற்றம் தொடங்கிவிடுகின்றது.

சரி, அச்சைகையை எழுப்பிவிடுவது எது? இதில் இரண்டு பொருட்களை அறிந்துகொண்டால் போதுமானது. ஒன்று, பெருமளவில் ஈரலில் உற்பத்தியாகும் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி'. உடல் போதிய அளவு வளர்ந்துவிட்டது, போசணை போதியது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் தூதுவர்களுள் அதுவும் ஒன்றாகும். மற்றையது கிஸ்பெப்டின் என்ற மூளைப் புரதம். இதன் பெயர் விநோதமானது. 1996 இல் புற்றுநோய் ஆராய்ச்சியின்போது இதன் மரபணு முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் ஹேர்ஷி என்ற நகரம்; அந்நகரில் தயாராகும் 'கிஸ்' என்ற சொக்லேட்டின் பெயரையே ஆய்வாளர்கள் அதற்கு வைத்துவிட்டனர். 2003 இல்தான் அதன் உண்மையான பெருமை வெளிப்பட்டது. கிஸ்பெப்டினை ஏற்றுக்கொள்ளும் வாங்கி பழுதடைந்த குடும்பங்களில் பிறந்தோர் பருவமடைவதில்லை என்று அப்போது கண்டறியப்பட்டது.

இனி மதுவுக்கு வருவோம். மது கொடுக்கப்பட்ட எலிகளில் விதையும் சூலகமும் சுருங்கிப்போவதை 1970 களிலேயே அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் டேவிட் வான் தீலும் அவருடைய சகாக்களும் காட்டினர். அதன் பின்னர் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் லெஸ் டீஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பருவமடையும் பராயத்தையே இலக்காக வைத்து நீண்ட காலம் ஆராய்ந்தனர். எலிக் குட்டி பிறந்து மூன்று வாரங்களில் பால்குடி மறக்கும். பெண் எலி ஏறக்குறைய ஐந்து வாரங்களில் பருவமடையும். அது பருவமடைந்ததை அறிய இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. அதுவரை மூடியிருக்கும் யோனித் துவாரம் அப்போது திறக்கும் என்பதால் கண்ணால் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளலாம். மனிதப் பிள்ளையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து காண வேண்டியதை எலியில் ஒன்றரை மாதத்துக்குள் காண முடிவதே ஆய்வாளர்கள் எலியை நாடுவதற்கான காரணமாகும்.

இந்தப் பராயத்துக்கு முன்னர் சில நாட்கள் மது கலந்த திரவ உணவு கொடுக்கப்பட்ட பெண் எலிகளில் அந்த அடையாளம் பிந்தியது. இரத்தத்தில் வளர்ச்சி ஓமோனும் வளர்ச்சிக் காரணியும், கபச்சுரப்பி சுரக்கும் ஓமோனும் குறைந்திருந்தன. மூளையில் கிஸ்பெப்டின் மரபணுவின் செயற்பாடும் தாழ்ந்திருந்தது. வளர்ச்சிக் காரணியை நேரடியாக மூளைக்குள் செலுத்திப் பார்த்தபோது, மது பெறாத எலிகளில் ஓமோன் உயர்ந்தது. மது பெற்றவற்றில் உயரவில்லை. ஆகவே மது ஈரலிலிருந்து வரும் தூதைக் குறைப்பதோடு நின்றுவிடவில்லை. வந்துசேர்ந்த தூதையும் மூளை செவிமடுக்க முடியாதபடி செய்திருக்கின்றது. ஆண் எலிகளிலும் பருவமடையும் காலத்தில் கொடுக்கப்பட்ட மது டெஸ்டொஸ்டெரோனைக் குறைத்ததை சிக்காகோவின் லொயோலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். வளர்ந்துவரும் எலிகளின் எலும்பு மதுவினால் மெலிந்துபோவதும் வேறு ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. முதியோரின் எலும்பு முறிவுக்கான காரணங்களுள் ஒன்றை அவர்களது பதின்ம வயதில் தேட வேண்டியிருக்கலாம் என்பதால் இதுவும் கவனத்துக்குரியதே.

இங்கே வாசகர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பலாம். மது குடித்த எலி வயிறு நிறைந்து உணவைக் குறைத்திருக்கும். பட்டினி கிடக்கும் எலியும் பிந்தித்தானே பருவமடையும்? ஆய்வாளர்கள் இதனை எதிர்பார்த்தே பரிசோதனையை அமைத்தனர். மது பெறும் எலி ஒருநாளில் எவ்வளவு கலோரி உண்டதோ, சரியாக அதே கலோரியை மதுவின்றி மற்றொரு எலிக்கு அளந்து கொடுத்தனர். இரண்டும் சமமாகவே உண்டன. ஆயினும் பிந்தியது மது பெற்ற எலியே. குற்றம் பட்டினியில் இல்லை, மதுவில்தான் என்று அவர்கள் கூறக்கூடியதாக இருந்தது இந்த ஒப்பீட்டினாலேயே.

ஆய்வுகூடத்தில் இவ்விரண்டையும் பிரித்துவிடலாம். எமது கிராமங்களில் பிரிக்க முடியாது. நாட்கூலியின் ஒரு பகுதி தவறணையில் செலவாகிவிடும் வீட்டில் அன்றிரவு உலையில் போடப்படும் அரிசியும் குறைகின்றது. அவ்வீட்டில் வளரும் பதின்மூன்று வயதுப் பையன் அப்பனின் கோப்பையில் மிஞ்சியதை எடுத்துச் சுவைத்துப் பழகினால், பட்டினி, மது ஆகிய இரண்டின் பாதிப்பும் ஒரே உடலில் சேர்ந்துவிடுகின்றது. அவன் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி நிற்கும்போது 'பரம்பரை அப்படி' என்று சொல்லிவிடுகின்றோம்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது பெரிய பாய்ச்சல் என்பதை மறுக்க முடியாது. அதனாலேயே டீஸ் குழுவினர் மனிதருக்கு நெருங்கிய உறவான றீசஸ் குரங்குகளிலும் ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். பருவமடையாத பெண் குரங்குகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஓராண்டு காலம் நாளாந்தம் மது கொடுக்கப்பட்டது. வளர்ச்சி ஓமோன், வளர்ச்சிக் காரணி, ஈஸ்திரோஜன் ஆகியவை வழமைபோல உயரவில்லை. ஆனால் முதலாவது மாதவிடாய் வந்த வயதில் வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு அதன் பின்னரே தென்பட்டது. அடுத்தடுத்த மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட காலம் நீண்டது. ஒழுங்கான மாதச் சக்கரம் அமைவது பிந்தியது. எலியில் கண்டது குரங்கில் அப்படியே திரும்பவில்லை என்பதையும், அதேவேளை பாதிப்பு இல்லாமல் போகவும் இல்லை என்பதையும் நாம் சேர்த்தே கூறக் கடமைப்பட்டிருக்கின்றோம். எமது சமூகங்களில் பெண்பிள்ளை பூப்பெய்திய நாள் மட்டுமே குறித்து வைக்கப்படுகின்றது. அதன் பின்னரான ஒழுங்கைப் பற்றித் தாயும் மகளும்கூட வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை. குரங்குகளில் தென்பட்டது போன்ற பாதிப்பு எமது வீடுகளில் ஏற்படுமாயின் அதனைக் கவனிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அளவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கிலோவுக்கு 2 கிராம் என்றால் 40 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு 80 கிராம் தூய மது என்றாகும். நூற்றுக்கு ஐந்து என்ற செறிவுள்ள கள்ளாயின் ஏறத்தாழ இரண்டு லீற்றர். கடைச் சாராயமாயின் அரைப் போத்தலிலும் சற்றுக் குறைவு. திருவிழாவில் ஒரு மிடறு கள்ளைச் சுவைத்த பிள்ளை பருவமடையாது என்று எவரும் இந்த ஆய்வுகளை வைத்துப் பயமுறுத்தினால் அது பிழையாகும். மறுபுறத்தில், எலியின் உடல் மனித உடலைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக மதுவை எரித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. ஒரே அளவு கொடுத்தாலும் மனித உடலில் அது கூடுதலான நேரம் தங்கி நிற்கும். வார இறுதியில் நண்பர்களுடன் கூடிச் சாராயப் போத்தலைப் பகிரும் பதினைந்து வயதினனுக்கு மேற்கூறிய அளவு எட்டாத அளவும் அல்ல. கசிப்பைக் குடிப்பவனுக்கோ தான் எவ்வளவு மதுவை உட்கொள்கிறான் என்பதே தெரியாது. கோடாவைக் காய்ச்சி இறக்கியவனுக்கும் தெரியாது. கிளிநொச்சி மாவட்டத்தில் கசிப்புக் கைப்பற்றப்பட்ட செய்திகளில் லீற்றர்க் கணக்கு வருகின்றது. செறிவுக் கணக்கு வருவதில்லை.

மனிதப் பிள்ளைகளுக்கு மதுவைக் கொடுத்து ஆராய முடியாது, ஆராயவும் கூடாது. எனவே இத்துறையில் மனிதரைப் பற்றிய சான்றுகள் மறைமுகமானவையே. மது அருந்திய பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் ஈஸ்திரோஜனும், ஆண்பிள்ளைகளில் டெஸ்டொஸ்டெரோனும் குறைந்திருந்தமை மேலைநாட்டு ஆய்வுகள் சிலவற்றில் பதிவாகியுள்ளது. ஆனால் கணக்கெடுப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. முந்திப் பருவமடைந்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், முந்தியே மதுவைத் தொட்டுப் பார்க்கின்றனர் என்பதும் அந்நாடுகளில் நன்கு அறியப்பட்டதாகும். மது பருவமடைதலை மாற்றியதா, பருவமடைதல் மதுவின் பக்கம் இழுத்ததா என்பதைக் கேள்விக்கொத்தினால் மட்டும் அவிழ்த்துவிட முடியாது. விலங்குப் பரிசோதனைகளின் பெறுமதி இங்கேதான் இருக்கின்றது. கூண்டிலுள்ள எலிக்குத் தெரிவு இல்லை. எது முதலில் வந்தது என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. அந்த உயிர்களின் வதையில் பிறந்த அறிவை நாம் பயன்படுத்தாமல் விடுவது அவ்வதையை வீணாக்குவதாகும் என்பது எமது கருத்து.

இதனை எமது மண்ணில் பொருத்திப் பார்ப்போம். ஆனையிறவுக்கு இருபுறமும், பளை, இயக்கச்சியிலிருந்து பரந்தன் வரையில் பனையும் தென்னையும் வாழ்வோடு பிணைந்தவை. மரமேறும் தொழிலாளியின் உழைப்பை இழிவுபடுத்துவது எமது நோக்கமன்று. பனையிலிருந்து இறக்கப்படும் சாறு, முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் கருப்பணி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். கருப்பணியில் சீனி உண்டு, மது இல்லை. பிள்ளைக்குத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். ஆனால் 'கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, பிள்ளைக்கு ஒரு வாய் கொடுத்தால் ஒன்றும் செய்யாது' என்று கூறும் பெரியவர்கள் இன்றும் உளர். அவர்கள் கருப்பணியின் நற்குணங்களைக் கள்ளுக்கு ஏற்றிச் சொல்கின்றனர். ஒரு மிடறு பருவமடைதலை மாற்றிவிடும் என்பதற்குச் சான்றில்லை என்று மேலே கூறினோம். எனினும் வீட்டிலேயே தகப்பன் கையால் சுவை பழகிய பிள்ளை, பதினான்கு பதினைந்து வயதில் தவறணையின் பின்புறத்துக்குப் போகும்போது அதனைத் தவறாகவே எண்ணமாட்டான்.

மகளின் பூப்பெய்தலைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளில் இப்போது நடப்பது இன்னும் விசித்திரமானது. மண்டபத்தின் முன்புறத்தில் பட்டுச்சேலையும் ஆலாத்தியும் வீடியோவும். பின்புறத்தில், வாகனங்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில், மாமன்மாரும் அவர்களுக்கு எடுபிடியாக ஓடும் பதின்ம வயதுப் பையன்களும். ஒரு பிள்ளையின் பருவமடைதலைக் கொண்டாடும் வைபவத்திலேயே இன்னும் பருவமடைந்து முடியாத மற்றைய பிள்ளைகளுக்கு முதற்கோப்பை நீட்டப்படுகின்றது. இதனை அறியாத பெற்றோர் இல்லை. ஒருநாள் சந்தோசத்துக்குத்தானே என்ற சமாதானமும் ஆயத்தமாக இருக்கின்றது.

எமது முஸ்லிம் வாசகர்கள் இவ்விடயம் தமக்குரியதன்று எனக் கருதக்கூடும். அதிகமாக அருந்தினால் போதை தருவதன் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்பது இஸ்லாமிய நெறி. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின்னர் நாச்சிக்குடாவுக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிவந்த குடும்பங்கள் அந்நெறியோடுதான் வந்தன. ஆயினும் அவர்களின் பிள்ளைகளும் இதே தெருக்களில் நண்பர்களைத் தேடிக்கொள்கின்றனர். விலக்கப்பட்டது என்பதாலேயே ஒளித்துக் குடிக்கும் பையன் ஒருவன் இருப்பின், அவன் வீட்டில் அதனைப் பேசவும் மாட்டான், வைத்தியரிடம் சொல்லவும் மாட்டான். தமிழ்ச் சமூகத்திலும் கள்ளுண்ணாமைக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருப்பதை மேடைகளில் கூறுவதற்குக் குறைவில்லை. பாவம் என்றும் இழிவு என்றும் கேட்டுச் சலித்துவிட்ட பதினான்கு வயதுப் பிள்ளையிடம், 'நீ உயரமாகவும் பலமாகவும் வளர உன் மூளை இரவில் ஒரு சைகை அனுப்புகின்றது. இது அதனைத் தடுக்கின்றது' என்று சொல்லிப் பார்ப்பது இரு சமூகத்துப் பெற்றோருக்கும் இயலக்கூடியதே.

சட்டம் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதைத் தடைசெய்கின்றது, விளம்பரங்களையும் தடைசெய்கின்றது. மதுவரித் திணைக்களமும் பொலிஸாரும் கடையைச் சோதனையிடலாம், கசிப்புக் கொட்டிலை உடைக்கலாம். வீட்டு விறாந்தையிலும் மண்டபத்தின் பின்புறத்திலும் நீட்டப்படும் கோப்பையை அவர்களால் தடுக்க முடியாது.

ஆனால் அரசாங்கத்தின் கையில் இதற்குப் பொருத்தமான ஒரு வாய்ப்பு ஏற்கனவே உண்டு. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடத்தப்படுகின்றது. தரம் 7 பிள்ளைக்கு வயது பன்னிரண்டு; தரம் 10 பிள்ளைக்குப் பதினைந்து. பருவமடைதலின் வாசலில் ஒருமுறையும், அது பெரும்பாலும் நிறைவெய்தும் வேளையில் ஒருமுறையும் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் அதே பிள்ளையைச் சந்திக்கின்றனர். உயரத்தையும் எடையையும் அளக்கின்றனர். இவ்விரு அளவீடுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், எந்தப் பிள்ளை எதிர்பார்த்த அளவு வளரவில்லை என்பது தெரிந்துவிடும். அப்பிள்ளையைத் தனியே அழைத்து, பெற்றோருக்கோ அதிபருக்கோ போய்ச்சேராது என்ற உறுதியுடன், வீட்டில் என்ன உண்கிறாய் என்பதோடு என்ன குடிக்கிறாய் என்ற கேள்வியையும் கேட்கலாம். பெண்பிள்ளைகளிடம் மாதவிடாயின் ஒழுங்கைப் பற்றிப் பெண் உத்தியோகத்தர் ஒருவர் விசாரிக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் சுகாதார சேவைகள் பணிமனைகள் அடுத்த பாடசாலைத் தவணையிலேயே இதனைத் தொடங்கலாம்.